உமரி நிற்கிற தரை

ஞானபாய் டீச்சர் எழுதிய மனு நல்ல மனு. அதைக் குறை சொல்லவே முடியாது. நாசரேத்தில் பிறந்து மிஷன் பள்ளியில் படித்தவள், இருபத்தாறு வருஷமாக மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் எடுப்பவள். எழுதச் சொன்னால் கேட்கவா வேண்டும். தெருக்கடைசியில் மூடிக் கிடக்கும் பழைய மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் வீடில்லாதவர்களைத் தங்கவைக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்று சாயங்காலமே, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் உட்கார்ந்து எழுதிவிட்டாள். ‘அவர்கள் மீது எங்களுக்கு எவ்வித வெறுப்பும் இல்லை’ என்று ஆரம்பித்தது மனு. இப்படி ஆரம்பிக்கிற மனு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முப்பத்தேழு வீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அவள் கெட்டவள் இல்லை. மகள் பெனிஷாவைப் பெண் பார்க்க சாத்தான்குளத்திலிருந்து அடுத்த மாதம் வருகிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் இருபத்தெட்டுப் பேர் பாயும் மூட்டையுமாக வந்து இறங்கினால், வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்தாள். பயந்தவள் நல்ல தமிழில் பயந்தாள், அவ்வளவுதான்.

மனுவின் அழகில் மயங்கியோ என்னவோ, மாநகராட்சி இன்ஜினியர் செந்தில்முருகன் இடம் பார்க்கிற குழுவில் பொதுமக்கள் சார்பாக அவளையே போட்டுவிட்டார். குழுவில் மூன்றே பேர். இன்ஜினியர், டீச்சர், மூன்றாவது ஆள், தங்கப் போகிறவர்கள் சார்பாக, சுடலைமாடத்தி.

சுடலைமாடத்தி உப்பளத்து வேலைக்காரி. பதினைந்து வயதில் பாத்தியில் இறங்கி உப்பு வார ஆரம்பித்தவளுக்கு இப்போது ஐம்பதாகப் போகிறது. போன வெள்ளத்தில் வாடகை வீட்டுச் சுவர் விழுந்த பிறகு மார்க்கெட்டுக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கும் கடைகளின் முன்வாசலில்தான் படுக்கை. அங்கே அவளோடு சேர்த்து இருபத்தெட்டுப் பேர். வடிகால் வேலைக்காக அந்தக் கடைகளை இடிக்கப் போகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அவர்களை வேறு எங்காவது தங்கவைத்தாக வேண்டும். இரண்டு வருஷத்துக்காவது தாங்குகிற இடமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. பட்டியலில் இருந்தது இரண்டே இடம். ஒன்று டீச்சர் தெருவிலுள்ள பள்ளிக்கூடம். இன்னொன்று பைபாஸுக்கு அப்பால் ஒரு புறம்போக்கு. அங்கே தகரக் கொட்டகை போட்டுக் கொடுப்பதாகத் திட்டம்.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஜீப்பில் புறம்போக்கைப் பார்க்கப் போனார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தரை இறுகிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. இன்ஜினியர் செருப்புக் காலால் இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார். அவர் எட்டயபுரத்துக் கரிசல்காட்டுக்காரர். பச்சையைக் கண்டால் மனசு குளிர்கிற ஊர். அங்கங்கே குட்டை குட்டையாகத் தழைத்து நின்ற செடிகளைக் காட்டி, “பாருங்க, இந்த வெயில்லயும் எப்படிப் பச்சையா நிக்கி. நல்ல தரை” என்றார்.

சுடலைமாடத்தி குனிந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். துப்பினாள்.

“இது உமரி சார். உமரி நிக்கித தரை ஆகாது.”

“ஏம்மா?”

“மழைக்காலத்துல இங்கன தண்ணி வந்து நிக்கும். மேல மழைத்தண்ணி, கீழ கடத்தண்ணி ஊறி ஏறும். வடிய மாசக்கணக்காவும். நாங்க உப்பளத்துல உமரியப் பாத்துத்தான் எந்தப் பக்கம் கரைய ஒசத்தணும்னு முடிவு பண்ணுவோம்.”

இன்ஜினியர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நல்ல மனுஷன்தான். ஆனால் கையிலிருந்த வரைபடத்தில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. “செடியப் பாத்து ஜோசியம் சொல்லுதீங்களே” என்றவர் சட்டென்று திரும்பினார். “நம்மகிட்டதான் பாட்டனி டீச்சரே இருக்காங்களே. நீங்க சொல்லுங்க டீச்சர்.”

ஞானபாய்க்குத் தெரியும். தெரியாமல் இருக்க வழியே இல்லை. வருஷா வருஷம் பிள்ளைகளை முயல்தீவுக் கரைக்குக் கூட்டிப்போய் இந்தச் செடியைத்தான் காட்டுவாள். உவர்நிலத் தாவரம், வேர் நிற்கிற இடத்தில் கடல்நீரின் போக்குவரத்து உண்டு, தண்டைப் பிழிந்தால் உப்புநீர் வரும் என்று அவள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள். போன வருஷம் அரைப்பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியே இதுதான்.

அவள் அந்தச் செடியைப் பார்த்தாள். அதற்கு அப்புறம் தெருக்கடைசிப் பள்ளிக்கூடத்தையும், சாத்தான்குளத்தார் வந்து இறங்கப்போகிற காரையும் நினைத்தாள்.

“கடற்கரை ஊர்ல எங்க பாத்தாலும் வளர்ற செடிதான் சார் இது” என்றாள்.

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள சாமர்த்தியம். இன்ஜினியர் தலையாட்டிக்கொண்டு, ‘தகுந்த இடம்’ என்று குறித்து ஃபைலை நீட்டினார். ஞானபாய் கையெழுத்துப் போட்டாள். சுடலைமாடத்தி ஒரு நிமிஷம் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளும் பேனாவை வாங்கித் தன் பேரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

திரும்பி வருகிற வழியில் ஜீப்பில் எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சுடலைமாடத்தி சொன்னாள்: “நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் டீச்சர். படிச்சவுகளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போவுது. எங்க ஆளுககிட்டயும் சொல்லிருதேன், டீச்சரே பாத்துட்டாகன்னு.”

ஞானபாய் வெளியே பார்த்துக்கொண்டு, “ம்” என்றாள்.

அந்த ‘ம்’தான் அவளைத் தூங்கவிடவில்லை. தெருவில் என்னவோ கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கையைப் பிடித்துக் கொண்டார்கள், டீச்சர் இல்லேன்னா நடந்திருக்குமா என்றார்கள். சனிக்கிழமை முழுக்க அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தகரக் கொட்டகைக்குள் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீர் நிற்கிறது, மூட்டைகளை அடுக்கி அதன்மேல் இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணை மூடினால் இதுதான் வந்தது. திறந்தாலும் வந்தது. சீ என்று இருந்தது அவளுக்குத் தன்னை நினைத்தால்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கணவர் நேசக்குமாரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, கையில் வேதப்புத்தகத்தோடு மார்க்கெட்டுப் பின்பக்கம் நடந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று ஒரு யோசனையும் இல்லை. கடைகளின் முன்னால் சுடலைமாடத்தி நின்றுகொண்டு யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தாள். எதிரே கைலி கட்டிய பெரியவர் ஒருவர், அவரும் உப்பளத்தில் வேலை பார்த்தவராம், பேர் தாணுலிங்கம்.

“ஏளா, உமரிக் காட்டுல கொண்டு போய் வைக்கப் போறாங்களாம், நீயும் ஒத்துக்கிட்டு வந்து நிக்கியே” என்றார் அவர்.

“அண்ணாச்சி, நானும் ஒம்மள மாதிரிதான் நெனச்சேன். அந்த டீச்சர் பெரிய கிளாஸுக்குச் செடி கொடியப் பத்தியே பாடம் எடுக்காங்க. அவுகளே பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நமக்கென்ன தெரியும்? முப்பது வருஷமா உப்பு வாரினோம், அவ்வளவுதான். நாமதான் தப்பா நெனச்சிட்டு இருந்திருக்கோம்.”

ஞானபாய் அப்படியே நின்றுவிட்டாள். அவள் மறைத்தது தன்னுடைய படிப்பை மட்டும் என்றுதான் இரண்டு நாளாக நினைத்திருந்தாள். இந்தப் பொம்பிளையின் முப்பது வருஷ அறிவையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. அழுது ஒப்பேற்ற அவளுக்கு மனசில்லை.

“சுடலைமாடத்தி” என்று கூப்பிட்டாள். “நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி. அங்க தண்ணி நிக்கும்.”

“நீங்கதான டீச்சர் அங்கன வச்சு...”

“எனக்கு அப்பவே தெரியும். எங்க தெருவுக்கு நீங்க வந்துரக் கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேன்.”

தாணுலிங்கம் காறித் துப்பிவிட்டு நகர்ந்து போனார். திட்டுவாள், திட்டட்டும் என்று ஞானபாய் காத்திருந்தாள். சுடலைமாடத்தி திட்டவில்லை.

“ரெண்டு நாளா எனக்கு என் மேலயே சந்தேகம் வந்துட்டு டீச்சர்” என்றாள். “நேத்து அளத்துல வேல பாக்கயில பாத்திக்குத் தண்ணி போதுமான்னு பக்கத்துல உள்ளவகிட்ட கேட்டுக் கேட்டு மடையத் தெறந்து விட்டேன். பதினஞ்சு வயசுலயிருந்து யாருகிட்டயும் கேட்டது கெடையாது.”

சுடலைமாடத்தி கடை வாசலிலிருந்து இறங்கி டீச்சர் பக்கத்தில் வந்தாள்.

“எங்கிட்ட வந்து சொல்லிட்டீங்க. எனக்குத்தான் முதல்லயே தெரியுமே. தெரியாத ஆளு அந்த இன்ஜினியருல்லா, அவருட்டச் சொல்லுங்க.”

“நாளைக்கே சொல்லுதேன்.”

“நானும் வாரேன்” என்றாள் சுடலைமாடத்தி. இதுவரை நம்பியது போதும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் நேசக்குமார் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தார். “ஊரெல்லாம் சேர்ந்து உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கு. பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கப் போற நேரம். கொட்டகை போட்ட பிறகு தண்ணி வந்தா அப்ப பாத்துக்கிட மாட்டாங்களா?” என்றார். பெனிஷா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று ஞானபாய்க்குப் பிடிபடவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். சுடலைமாடத்தி அவளுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தாள். செந்தில்முருகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்போ பாக்கி இருக்கிறது உங்க தெரு ஸ்கூல் ஒண்ணுதான் டீச்சர். அதத்தான் சிபாரிசு பண்ணணும். உங்க மனுவும் இதே ஃபைல்லதான் இருக்கு.”

“தெரியும் சார். பண்ணுங்க.”

அவருக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “ஃபைல்ல போட எழுதிக் குடுத்துருங்க. நகல் உங்க சங்கத்துக்கும் போகும். அதனால, அன்னிக்கு வெயில்ல சரியா கவனிக்கல, பிறகு புத்தகத்தப் பாத்ததுல தெரிஞ்சதுன்னு எழுதிருங்க. யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க.”

நல்ல யோசனை. அப்படி எழுதினால் பள்ளிக்கூடமும் கிடைக்கும், டீச்சர் பேரும் கெடாது, சாத்தான்குளத்தார் காதுக்கும் ஒன்றும் போகாது. ஞானபாய் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் சுடலைமாடத்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞானபாய் எழுதி முடித்துத் தாளை இன்ஜினியரிடம் தள்ளினாள்.

அவர் படித்தார். “இப்படியே இருக்கட்டுமா?” என்றார்.

“இருக்கட்டும்.”

“இந்த அம்மாவும் கையெழுத்துப் போடணும். வாசிச்சுக் காட்டிருங்க.”

ஞானபாய் தாளை வாங்கினாள். முப்பத்தேழு வீட்டு மனுவை மூச்சு விடாமல் வாசித்துக் காட்டியவள் இந்த நாலு வரியை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். புறம்போக்கின் சர்வே எண்ணை வாசித்தாள், தேதியை வாசித்தாள். அப்புறம் வந்த வரியை வாசித்தாள்: “அந்த நிலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் என்று சுடலைமாடத்தி சொன்னதே சரி, அது எனக்கும் தெரியும், தெரிந்தே சொல்லாமல் இருந்தேன்.”

இன்ஜினியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுடலைமாடத்தி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் கீழே வைத்தாள்.

“கடைசியா வாசிச்சீங்கல்லா டீச்சர்,” என்றாள், “அத இன்னொரு தடவ வாசிங்க.”

ஞானபாய் வாசித்தாள்.