மூன்று இழுப்பு

பிற்பகல் வான் வண்டி வந்துவிடும் என்று கிறகரி காலையிலேயே சொல்லிவிட்டார். முருங்கன் பக்கம் சிஸ்டர்மார் நடத்தும் இல்லத்தில் கட்டில் ஒன்று கிடைத்திருந்தது. தம்பி எமிலை அங்கே கொண்டுபோய் விடுவதென்று முடிவு. அதை நிறுத்த எமிலின் மனைவி நிறஞ்சலாவுக்கு ஒரே வழிதான் மிச்சம். எமிலுக்கு நினைவு இருக்கிறது, கேட்பது விளங்குகிறது என்று வான் வருவதற்குள் காட்டவேண்டும்.

நிறஞ்சலா அழவில்லை. சண்டை பிடிக்கவுமில்லை. மேசையில் கிடந்த சர்க்கிட் போர்ட்டை எடுத்து, ஈயம் விட்டுப்போன சிப் கால் ஒன்றை மறுபடி ஒட்டினாள். தலைமன்னார்க் கடலில் சங்கு குளிக்கப் போன மனுசன், காற்றுக்குழாய் வெடித்து, ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து விறைத்துப் போன நாள் தொட்டு அவளுக்குள்ளும் எதுவோ விறைத்துக் கிடந்தது. சோற்றில் உப்பிருக்கிறதா என்றுகூடத் தெரிவதில்லை. கை மட்டும் தன்பாட்டில் வேலை செய்தது.

எமிலின் கழுத்தில் குழாய், பேச்சு இல்லை. கண் திறந்திருக்கும், ஆளைத் தொடராது. வலது சுட்டுவிரல் மட்டும் இடைக்கிடை மடங்கும். அது வெறும் நரம்புத் துடிப்பு என்றார் டொக்டர். போன் திருத்தும் கடை வைத்திருந்த நிறஞ்சலா அந்த விரலில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைச் சின்னதொரு சுவிட்சில் கொழுவினாள். சுவிட்சிலிருந்து மைக்ரோகொன்ட்ரோலர், அதிலிருந்து யூ.எஸ்.பி. சிப், அங்கிருந்து லப்டொப்.

அந்தச் சிப் இரண்டு வேடமும் கட்டும். தலைமைப் பக்கம் நிறுத்தினால் ஐந்து வோல்ட் கொடுத்து, கொழுவியிருப்பவற்றை வரிசையாக விசாரிக்கும். மற்றப் பக்கம் நிறுத்தினால், கேட்டால் மட்டும் வாய் திறக்கும். அவள் மற்றப் பக்கம் நிறுத்தினாள். லப்டொப் அதைக் கீபோர்ட் என்றே நம்பியது. விரல் சுருக்கென்று இழுத்தால் திரையில் ‘ஓம்’. இழுத்துப் பிடித்தால் ‘இல்லை’. இதை எமிலின் காதருகே குனிந்து பலதரம் சொல்லியும் வைத்தாள்.

முதல் நாளே திரை நிறைய ஓம் ஓம் ஓம். எப்போதும் மும்மூன்றாக. சுவிட்சின் தகடு துள்ளுகிறது என்று நினைத்தாள். எந்தச் சுவிட்சும் அழுத்தும்போது கொஞ்சம் துள்ளும், ஓர் அழுத்தம் பலவாகத் தெரியும். முதல் இழுப்பை மட்டும் எடு, அடுத்த சில விநாடிக்குள் ஒட்டி வருவதை விடு என்று புரோகிராமில் ஒரு வரி போட்டாள். திரை அடங்கியது.

நேற்று கிறகரி சோதித்துப் பார்த்தார். உன் பெயர் எமிலோ என்று கேட்டதற்கு ஓம் வந்தது. உன் பெயர் கிறகரியோ என்று கேட்டார்; அதற்கும் ஓம். நீ பொம்பிளையோ? ஓம்.

“உன்ர மெசின் புது மருமகள் மாதிரி, பிள்ளை. எதைக் கேட்டாலும் ஓம்,” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

இன்று அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தாள். ஐந்து வோல்ட் சரி. இரண்டு டேட்டா வயரும் சரி. கடைசியாகச் சுவிட்சிலிருந்து வரும் வடிகட்டாத சமிக்ஞையையே எடுத்துத் திரையில் கோடாக ஓடவிட்டாள். தகடு துள்ளினால் கண் இமைப்பதற்குள் முடிந்திருக்கும். இதுவோ ஆறுதலாக, இடைவெளி விட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. பிறகு ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று.

துள்ளல் என்று ஒன்று இருக்கவேயில்லை. அவள் போட்ட வரி தின்றதெல்லாம் எமிலின் இழுப்பு.

வானில் தூக்கி ஏற்ற உதவிக்கு வந்த றினாஸ் வாசலில் செருப்பைக் கழற்றினான். எமில் சங்கு குளிக்கையில் படகில் நின்று அவனுடைய சைகைக் கயிற்றைப் பிடித்தவன் அவன்தான்.

“றினாஸ், கயித்தை மூண்டு தரம் இழுத்தா என்ன?”

“என்னைத் தூக்கு எண்டு, அக்கா.”

எத்தனை இழுப்பு வந்ததோ அத்தனையை மேலே நிற்பவன் திருப்பி இழுக்கவேண்டும் என்றான். அது வரும்வரை கீழே இருப்பவன் வேறெதற்கும் பதில் தரமாட்டான், அதையேதான் திரும்பத் திரும்ப இழுப்பான். குழாய் வெடித்த அன்றைக்கு, தான் பதில் கொடுத்துவிட்டுத்தான் தூக்கியதாகச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இங்கே யாரும் பதில் கொடுக்கவில்லை.

கிறகரி உள்ளே வரும்போது அவள் சுவிட்சிலிருந்து நூலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் நூலைப் பிடித்து மூன்று தரம் இழுத்தாள். எமிலின் விரல் நின்றது. றினாஸ் கட்டிலில் ஏறி, கக்கத்தில் கை கொடுத்து, தலையணை அண்டக் கொடுத்து ஆளைத் தூக்கி இருத்தினான். நூல் மறுபடி சுவிட்சுக்குப் போனது. அவள் புரோகிராமில் போட்ட அந்த வரியை அழித்துவிட்டு, “இப்ப சரியோ?” என்று கேட்டாள்.

திரையில் ஓர் ஓம். ஒன்றே ஒன்று.

“அதுவும் துடிப்பாத்தான் இருக்கும்,” என்றார் கிறகரி. குரலில் நேற்றைய தெம்பு இல்லை.

நிறஞ்சலா கட்டிலோரம் குந்தினாள்.

“முருங்கனுக்குப் போறீங்களோ?”

விரல் மடங்கியது. நூல் விறைத்து நின்றது. தளரவில்லை. ஒரு மூச்சு போய் அடுத்த மூச்சும் போனது, நூல் அப்படியே நின்றது. திரையில் ‘இல்லை’ விழுந்தது.

வெளியே வான் ஹோர்ன் அடித்தது. சந்தோசப்படவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, அது வரவில்லை. வரட்டும், பிறகு வரட்டும். கிறகரி தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, வானைத் திருப்பி அனுப்ப வெளியே போனார்.