மாப்பிள்ளையின் உயரம்

பல் டாக்டரம்மா வீட்டுக் கொட்டகையில் இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. வயது நாற்பதைத் தாண்டியும் வீம்பு மட்டும் குறையவில்லை. டாக்டரம்மாவின் கணவர் அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். பெண் பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் குறையைத் தீர்க்க வந்ததாம். கேட்டதை வாங்கித் தர வேண்டும், கோபித்துக்கொண்டால் காலில் விழ வேண்டும். காலில் விழுவது டாக்டரம்மாவின் வேலை. பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எஞ்சினுக்குப் பின்னால் நீட்டி, எண்ணெய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். க்ளினிக்கைவிட இது எவ்வளவோ தேவலை. இங்கே யாரும் கத்துவதில்லை.

கணவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பிள்ளைகளை மைதானத்தில் உட்கார்ந்து எழ வைத்தே பெண்டு நிமிர்த்தியவர். கார் விஷயத்தில் மட்டும் அவருக்கு அ, ஆ தெரியாது. டார்ச் பிடிப்பதும் வாயடிப்பதும்தான் அவருடைய இலாகா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஏரிக்கரை வரை ஒரு சுற்றுப் போய்வருவார்கள். வாரம் முழுக்கப் பேசாமல் விட்டதை எல்லாம் அந்தப் பயணத்தில்தான் பேசித் தீர்ப்பார்கள்.

காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்த வேண்டும் என்பது டாக்டரம்மாவின் வெகுநாள் ஆசை. இந்த வருஷம் குட்டையான ஸ்ப்ரிங் நாலு வரவழைத்து, தானே ஜாக்கி போட்டு மாட்டினார். கார் பாயப் பதுங்கிய பூனை மாதிரி நின்றது. என்ன அழகு! ஒரே தொல்லை, வேகத்தடைகளில் வயிறு உரசியது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் மாஸ்டர் இறங்கிக்கொள்வார். எடை குறைந்ததும் கார் கொஞ்சம் எழும்பும். அது தாண்டியதும் அவர் ஓடிவந்து ஏறிக்கொள்வார்.

முதல் சில வாரம் மாஸ்டர் விசில்கூடக் கொண்டுவந்தார். அப்புறம் சாக்குகள் ஆரம்பித்தன.

"கெளம்பலையா?" என்றார் டாக்டரம்மா.

"மழை வர்ற மாதிரி இருக்கு. நீ போய்ட்டு வா."

வானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. அடுத்த வாரம் பேப்பர் படிக்கவில்லை, அதற்கடுத்த வாரம் செடிக்குத் தண்ணீர். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டு தனியாகப் போய்வந்த டாக்டரம்மாவுக்கு மனசே சரியில்லை. காரைப் பிடிக்கவில்லை என்றால் போகட்டும். தன்னோடு வருவதே அலுத்துப்போய்விட்டதோ? வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருந்தது.

ஒரு நாள் மதியம் க்ளினிக்கில் கூட்டமில்லை என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். கொட்டகைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"ஒன்... டூ... எந்திரி!"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மாஸ்டர் காருக்குள் இருந்தார். கதவு திறந்திருந்தது, ஒரு கால் வெளியே. கூரையைப் பிடித்துப் பாதி எழுந்தவர், தொப்பென்று மறுபடி உட்கார்ந்தார். திரும்ப எண்ணினார். இந்தத் தடவை எழுந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கூரையைத் தட்டிக்கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள பழகிடுவேன் மாப்ளே. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டரம்மா சத்தமில்லாமல் வாசலுக்குப் போய், கேட்டைப் படாரென்று திறந்துகொண்டு மறுபடி வந்தார். மாஸ்டர் செடிகளுக்கு முன்னால் ஹோஸைப் பிடித்தபடி நின்றிருந்தார். குழாய் திறக்கப்படவே இல்லை.

நாற்காலியில் உட்காரும்போதே முகத்தைப் பார்த்து எந்தப் பக்கத்துப் பல் என்று சொல்லிவிடுகிற டாக்டருக்கு, வீட்டில் இருக்கிற முட்டி தெரியவில்லை. வாராவாரம் அதை மடக்கி மடக்கி நீட்ட வைத்ததும் தான்தானே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது.

சனிக்கிழமை, அலமாரிக்குப் பின்னால் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்த பழைய ஸ்ப்ரிங்குகளை எடுத்து மாட்டினார். கார் கணுக்காலுக்கு மேலே பேண்ட் ஏறிப்போன பையனைப் போல நின்றது. வருத்தமாகத்தான் இருந்தது.

"என்ன, மாப்பிள்ளை வளந்துட்டார்?" என்று கேட்டுக்கொண்டே மாஸ்டர் வந்தார்.

"அடியில ஒரசி ஒரசி சைலன்சர் போயிடும் போலிருக்கு."

"அவ்ளோ ஆசைப்பட்டியே?"

"ஆசை தீந்துபோச்சு."

மாஸ்டர் பட்டப்பகலில் டார்ச்சை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கூப்பிடுவதற்கு முன்பே தலைசீவிக்கொண்டு வந்து ஏறிக்கொண்டார். முதல் வேகத்தடை வந்தது. பழக்கதோஷத்தில் டாக்டரம்மா வேகத்தைக் குறைத்தார். பழக்கதோஷத்தில் மாஸ்டரின் கை கதவுக்குப் போனது.

"உக்காருங்க," என்றார் டாக்டரம்மா, அவர் முட்டியில் கையை வைத்து.

கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறி இறங்கியது. மாஸ்டர் முட்டியில் இருந்த கையையே பார்த்தார்.

"மாப்பிள்ளை சொல்லிட்டாரா?"

"எந்த முட்டி?"

"வலதுதான். லேசாத்தான்."

டாக்டரம்மா கையை எடுக்கவில்லை. இரண்டாவது வேகத்தடை தாண்டியதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டும்தான்."