மூணு மூலைச் சோறு

திருக்கோவிலூர்ப் பெருமாள் தூக்கிய காலை இறக்குவதாக இல்லை. சந்நிதியின் மங்கல் வெளிச்சத்தில் அந்தக் கரிய திருமேனி மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. இளவரசனின் தோளில் உட்கார்ந்திருந்த ஏழு வயது மகள் தேவிப்ரியா, "அந்தக் கால எங்க வெப்பாருப்பா?" என்று அவன் காதைக் கடித்தாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருஷமாக அவனும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதானே நிற்கிறான்!

ஊருக்கு அவன் ஜப்பான் இஞ்சினியர். அப்படிச் சொல்லித்தான் மணிமொழியைக் கட்டினான். அங்கே அவன் ஓர் ஓட்டலில் சமையல்காரன். அவளோ ரோஷக்காரி. தெரிந்தால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பயந்தான். லீவில் வந்தால் அடுப்படிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். கரண்டியைத் தொட்டால் கை காட்டிக் கொடுத்துவிடுமே!

ஆனால் பிள்ளை ஜப்பான் சோறு வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். சரி, தென்பெண்ணை மணலில் அடுப்புக் கூட்டி, வேண்டுமென்றே சொதப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

ஆறு அரைத்தூக்கத்தில் போனது. மூன்று கல்லில் அவன் கொண்டுவந்த அரிசி வெந்து, ஆவி கோபுரம் வரைக்கும் போவதுபோல் மிதந்தது. அந்த வாசனையில் அவன் தன்னை மறந்துபோனான். ஈரக்கையில் உப்பைத் தடவி, பிசுபிசுத்த சோற்றை அள்ளி, நடுவில் ஊறுகாய்போல் ஊறிய ஓர் உப்புப்பழம்; ஓர் அமுக்கு, ஒரு திருப்பு. மூன்று மூலையும் வெட்டினாற்போல் நின்றன. அதன்மேல் கறுப்புக் கடல்பாசித் தாளைச் சுற்றினான்.

"கார்பன் பேப்பராப்பா?" என்று சிரித்தாள் பிள்ளை.

சொதப்பவாவது! கண்ணை மூடித் திறப்பதற்குள் இருபது பிடித்தாகிவிட்டது. நிமிர்ந்தால், மணிமொழி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அப்பிடிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்க," என்றாள்.

திரும்பும்போது, தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். தூரத்தில் கல்வராயன் மலை நீலமாக, நிஜமா பொய்யா என்று தெரியாமல் மிதந்தது. வாடகைக் கார் நின்றுவிட்டது. காலையிலிருந்து பட்டினியாக மரத்தருகே கிடந்த பையன்களுக்கு மணிமொழி மிச்சச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கித் தின்ற பெரியவர் கண்ணாயிரம், "யாருங்க நீங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பா ஜப்பான் இஞ்சினியர்!" என்று முந்திக்கொண்டாள் தேவிப்ரியா.

வந்ததே வினை!

"டேய் பசங்களா, இங்க வாங்கடா! நம்ம ஜில்லாக்காரரு, இஞ்சினியராம்! சீட்டு கெடச்சா நாளைக்கு நீங்களும் இப்பிடித்தான்டா. சார், மரத்து மேல ஏறி ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

இளவரசன் ஏறினான். கீழே முப்பது முகங்கள், எல்லாம் படித்துவிட்டுக் காத்துக் கிடக்கும் முகங்கள். பொண்டாட்டியிடம் சொன்ன பொய்யை இவர்களிடமும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தூக்கிய காலை எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும்?

"நான் இஞ்சினியர் இல்லீங்க. அப்ளிகேசன் போட்டேன், சீட்டு கெடைக்கல. அதச் சொல்ல வெக்கமா இருந்திச்சி. ஜப்பான்ல சமையக்காரனா இருக்கறேன். நீங்க துன்னுக்கினு இருக்கறது நான் புடிச்ச சோறு."

கண்ணாயிரம் கையிலிருந்த கடைசி வாயை மென்று விழுங்கினார். "அப்ப உனக்கும் சேத்துத்தான்யா இந்த மரம் கெடக்குது," என்று கைகொடுத்து அவனை இறக்கிவிட்டார்.

மணிமொழி காரில் சாய்ந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. இளவரசன் மெல்லப் பக்கத்தில் போனான்.

"உங்கப்பன் வூட்டுக்குப் போறேன்னு மட்டும் சொல்லிடாத மணி."

"ஆத்தங்கரையிலயே தெரிஞ்சிபோச்சி," என்றாள் அவள். "சமையக்காரர்னா எனக்கு இன்னா கொறச்சல்? போன லீவுல எனக்கு ஜொரம், எழுந்து நிக்க முடியல. செவுத்தப் புடிச்சிக்கினு நானே கஞ்சி வெச்சேன். இந்தக் கைய வெச்சிக்கினு பக்கத்துல உக்காந்து துன்னுட்டு, உப்பு கம்மின்னு சொன்னீங்களே!"