காஜா பேராங் பால்மரம்

1957 ஆகஸ்டு 31 காலை, நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஆறு மணி நேரம்கூட ஆகாத நிலையில், மலாக்கா காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டில் சந்திரமதியின் இடது கையிலிருந்து ரப்பர் பால் வடிந்தது. கத்தி எதுவும் படவில்லை. முழங்கைக்குக் கீழே, மரத்தில் கோடு போட்டதுபோலச் சாய்வாக ஒரு வரி விழுந்து, அதன் வழியே பால் வெள்ளையாக இறங்கிச் சுண்டுவிரல் நுனியில் சொட்டியது. இருபத்து மூன்று வருஷம் பால் வெட்டியவள் அதை முகர்ந்து பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எழுந்துபோய்ப் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை எடுத்துக் கைக்குக் கீழே வைத்தாள். எதிர்வீட்டு வானொலியில் மறுபடி ஒலித்த நள்ளிரவுக் கூட்டம் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று சுதந்திரத்தை முழங்கி ஓய்வதற்குள் மங்கு நிறைந்துவிட்டது.

அவளும் புருஷன் சுப்பையனும் அங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குமுன் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அவள் பிறந்ததும் அங்கேதான். சுதந்திரம் வரப்போவது தெரிந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனி முந்திக்கொண்டு தோட்டத்தை விற்றது. வாங்கியவர்கள் ஆட்டுக்கறியைக் கூறு போடுவதுபோல அதைப் பத்துப் பத்து ஏக்கராக்கி விற்றார்கள். அதற்குத் துண்டாடல் என்று பேர். நிலத்தை வாங்க ஆள் இருந்தது, மரத்தை வாங்க ஆள் இருந்தது, ஆலையின் தகரத்தை வாங்கக்கூட ஆள் இருந்தது. கூலிக்காரர் லயத்து வீடுகளில் இருந்த நூற்றுப்பத்துக் குடும்பங்களை மட்டும் யாரும் எந்தக் கூறிலும் சேர்க்கவில்லை. சுப்பையனுக்குப் பெண்டஹாரா சாலையில் மளிகைக் கடையொன்றில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது.

பால் மரத்தின் ஒழுங்கிலேயே வந்தது. விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறியதும் நின்றது. மழை நாளில் வரவில்லை. மாசி மாதம் இலையுதிர் காலத்தில் குறைந்து, அவளுக்குத் தலைமயிர் கொஞ்சம் கொட்டியது. லண்டனில் ரப்பர் விலை இறங்கிய நாட்களில் தலை சுற்றியது. ஆஸ்பத்திரி டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை, பால் முதல் தரம் என்றார்.

விஷயம் கருணாகரனுக்கு எட்ட ஒரு மாதம் பிடித்தது. அவர் பழைய தோட்டத்தில் கணக்கெழுதிய பெரிய கிராணி. இப்போது தோட்டத்தை வாங்கியவர்களிடம் வேலை. சைக்கிளில் வந்து இறங்கி, விற்பனைப் பத்திரத்தை விரித்து, மரங்களும் மரங்களின் பாலும் தோட்டத்தில் வளர்ந்த சகலமும் என்ற வரியில் விரலை வைத்தார்.

“நீ தோட்டத்தில வளர்ந்தவதானே, சந்திரமதி?”

“மனுஷியா வளர்ந்தேங்க, கிராணி.”

“பத்திரத்தில அப்படிப் பிரிச்சு எழுதலையே.”

அவரைச் சுப்பையன் தெருவில் தள்ளியிருப்பான். ஆனால் கருணாகரன் போகிற போக்கில் இன்னொன்று சொன்னார். குடியுரிமைக்குப் பிறப்புச் சான்று கேட்கிறார்கள், லயத்தில் பிறந்தவர்களுக்குச் சான்று ஏது, தோட்டத்துப் பதிவேடு மட்டும்தான், அது தம்மிடம்தான் இருக்கிறது என்றார். மூன்று வருஷப் பாலுக்கு அவள் பிறப்பை எழுதிய பக்கத்தைக் கிழித்துத் தருவதாகப் பேச்சு முடிந்தது. சந்திரமதி ஒத்துக்கொண்டாள். அவளுடைய அப்பனும் ஆத்தாளும் கப்பலில் வந்தவர்கள். மலாயாவில் முப்பது வருஷம் உழைத்து, சாகும்போதும் வந்தேறிகளாகவே செத்தார்கள். தான் அப்படிச் சாகக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த வைராக்கியம்.

மூன்று வருஷம் கருணாகரன் வாளியோடு வந்தார். அவளுடைய கை மெலிந்தது, விரல் நகங்கள் பட்டைபோலச் சொரசொரத்தன. 1960 கடைசியில், சொன்ன சொல் தவறாமல், பக்கத்தைக் கொடுத்தார். சந்திரமதி புதுச்சேலை உடுத்தி அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். 1922, நான்காம் காடு. நட்ட கன்று நாலாயிரம். பட்டுப்போனது அறுபது. லயத்தில் பிறந்தது, பெண், ஒன்று. உயிரோடு.

“இதில பேர் இல்லையேம்மா.”

“அந்த ஒண்ணு நான்தாங்க.”

“இது மரக்கணக்கு. இதை வச்சு நான் ஆளுக்கு அட்டை கொடுக்க முடியாது.”

அவர் கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, மற்றவர்களுக்குச் சிவப்பு. அவளுக்குச் சிவப்பு வந்தது. வீட்டுக்கு நடந்தே வந்தாள். மறுநாள் காலை கருணாகரன், பேசிய கணக்கு முடிந்தும், வழக்கம்போல வாளியை நீட்டியபோது, நிறைந்த மங்கினை அவர் கண்ணெதிரே சாக்கடையில் கவிழ்த்தாள். அவர் போன பிறகுதான் அழுதாள். கண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. அந்த மட்டில் நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரி பத்மினி சிட்டி வம்சம். போர்த்துகீசியர் பீரங்கியோடு வருவதற்கு முன்பே மிளகும் துணியும் விற்க வந்து, மலாய்ப் பெண்களைக் கட்டி, இங்கேயே ஊன்றிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வாரிசு. ஒவ்வொரு கொடி மாறும்போதும் அவர்களுடைய வியாபாரத்தில் ஒரு பங்கு போய், கடைசியில் கோயிலும் கொஞ்சம் மண்ணும் மிஞ்சின. தமிழும் போய்விட்டது, பத்மினி பேசியது மலாய்தான். அவள் சாக்கடையில் வெள்ளை ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சந்திரமதியைத் திட்டினாள். கொட்டுகிறாயே, விற்றால் என்ன என்றாள்.

“விக்க லைசென்ஸ் வேணும், அக்கா. லைசென்சுக்கு நிலம் வேணும்.”

நிலம் என்னிடம் இருக்கிறது என்று பத்மினி சொன்னாள். மறுவாரம் சிறுதோட்டக்காரர் பதிவுக்கு அவள் எழுதிக் கொடுத்தது இது: சொந்த மண், கால் ஏக்கர். ரப்பர் மரம், ஒன்று. வயது முப்பத்தெட்டு. பதிவு அலுவலகத்திலிருந்து பார்க்க வந்தவன் சந்திரமதியின் முன்கையைத் தடவிப் பார்த்து, கோடு நன்றாகப் போட்டிருக்கிறது என்று பாராட்டி, முத்திரை குத்தினான். அன்றிலிருந்து பால் வெளிப்படையாக விற்பனையானது. வந்த காசை இருவரும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள்.

1969இல் சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. மளிகைக் கடைக்காரர் சுப்பையனைக் கூப்பிட்டு, சீட்டு வாங்கித் தர வழியில்லை என்று கைகூப்பினார். அவன் பத்து வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன்; திரும்பிப் போவதைத் தவிர வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

“வா புள்ள, போயிடுவோம்.”

“அது உங்க ஊருங்க. எனக்கு அங்க ஒரு மரத்தைக்கூடத் தெரியாது.”

“இங்க மட்டும் உன்ன யாரு வச்சுக்கப் போறா?”

துறைமுகத்தில் கப்பல் ஏணிவரை அவனோடு போனாள். இருந்தாலும் ஏறவில்லை. கப்பல் நகர்ந்தபோது மேல்தட்டில் நாலைந்து தலைகளுக்கு நடுவே சுப்பையன் துண்டை ஆட்டினான். அவள் கையை உயர்த்தவில்லை. நண்பகல் தாண்டியும் அன்று அவளுக்குப் பால் நிற்கவில்லை, சேலை முந்தானை கெட்டிப்பட்டு விறைத்துக்கொண்டது. முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

கப்பல் போன அடுத்த மாதமே, சீட்டில்லாதவர்களைத் தேடி ஓர் அதிகாரி காஜா பேராங்குக்கு வந்தார். வீடு வீடாகக் கேட்டு வந்தவர், சந்திரமதியைப் பார்த்ததும் பெயர், அட்டை, வேலை என்று ஆரம்பித்தார். பத்மினி குறுக்கே வந்து நின்றாள்.

“போக்கோ கெத்தா, துவான்,” என்றாள். ரப்பர் மரம், ஐயா.

பதிவுச் சீட்டையும் நீட்டினாள். அதிகாரி முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், மங்கில் நிறைந்திருந்த பாலைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மனுஷிக்குத்தான் சீட்டு வேண்டும், மரத்துக்கு வேண்டாம். நாட்டில் பிறந்த மரத்தை அனுப்ப எந்தச் சட்டமும் அவர் கையில் இல்லை. பட்டியலில் அந்த வீட்டுக்கு எதிரே ஆள் இல்லை என்று எழுதினார். வெயிலில் நடந்து களைத்திருந்ததால் நாற்காலியில் சற்று உட்கார்ந்து, மரம் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைக் குடித்தார். சீனி கொஞ்சம் தூக்கல் என்றார்.