நாலாயிரம் அடி கேட்ட பெண்

வானத்தின் விலை ஐம்பத்தைந்து லட்சம் என்றார்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஆனந்தராஜ் நாற்பதில் ஆரம்பித்தார். அரை நாள் பேசியும் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் காதில் மாட்டும் ஹெட்செட் ஒன்று இலவசமாக வந்தது. வெறுங்கையோடு எழுந்து வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

மகள் தேவிப்ரியா நன்றாகவே பறந்தாள். இடறியது வாயில்தான்.

விமானிக்கு ரேடியோ உரிமமும் வேண்டும். அதற்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் கட்டுப்பாட்டுக் கோபுரமாக உட்கார்ந்து உத்தரவு சொல்வார். எதிரே இருப்பவர் அந்த எண்ணை அப்படியே திருப்பிச் சொல்லி, கடைசியில் தன் விமானத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும். விமானி சரியாகத்தான் கேட்டாரா என்று கோபுரம் தெரிந்துகொள்வது அப்படித்தான். கிளிப்பிள்ளைக்கு வருகிற வேலை. தேவிப்ரியாவுக்கு வரவில்லை.

காரணம், அவள் வளர்ந்தது கடைப் பாயில். அந்தப் பாய்க்கு ஒரு சட்டம் உண்டு: வாங்க வந்தவர் கேட்ட தொகையை விற்பவர் தன் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டால், கொடுத்தாயிற்று என்று அர்த்தம். ஆகவே ஜரிகையின் எடையைச் சொல்லலாம், வெயிலைத் திட்டலாம், காமாட்சி மேல் சத்தியம் செய்யலாம். அந்த எண்ணை மட்டும் சொல்லக் கூடாது.

முதல் தேர்வில், மூவாயிரம் அடிக்கு இறங்கு என்றார் தேர்வாளர். ஆகட்டும் சார் என்றாள். மறுபடியும் சொன்னார். தேர்வு இங்கிலீஷில்தான் நடந்தது, ஆனால் அவள் கேட்டது காந்தி ரோட்டுக் கேள்வி: நாலாயிரம் வைத்துக்கொள்ளலாமா?

"டவர்கிட்டயே ஆயிரம் அடி ஏத்திக் கேட்டுக்கினு வந்திருக்கிறியே," என்று தலையில் அடித்துக்கொண்டார் ஆனந்தராஜ். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"சிரிக்காதப்பா. வியாழக்கெழம மறுபடியும் எக்ஸாம் இருக்குது. இதுவும் போச்சுன்னா ஆறு மாசம் உக்கார வேண்டியதுதான். என் பேட்ச் மொத்தமும் லைசென்ஸ் வாங்கிக்கினு போயிடும்."

அந்தக் குரலுக்கு அப்புறம் அவர் சிரிக்கவில்லை. புதன்கிழமை மதியம், ஆள் வராத கடையில், அவரே கோபுரமானார். அளவுகோலை மைக்காகப் பிடித்தபடி மகளுடைய தாளைப் பார்த்து வாசித்தார்.

"விக்டர் டேங்கோ... அது நீதான? வி.ஓ.ஆர். நோக்கி வா. வி.ஓ.ஆருன்னா இன்னாமா?"

"பிளேனுக்கு வழி காட்ற ரேடியோ ஸ்டேஷன்பா. நாம அதுக்கு எந்தத் திசையில இருக்கிறோம்னு காட்டும்."

"கோயில் வாசல்லேர்ந்து கடைக்கு ஆள் கூட்டியார்ற புரோக்கருன்னு சொல்லு."

"இது கமிஷன் கேக்காதுப்பா."

"அப்ப நம்பாத," என்றவர், "மூவாயிரத்து ஐநூறு அடி," என்றார்.

அவள் எண்ணை விழுங்கினாள். அவர் திரும்பச் சொன்னார். சொன்னார், சொன்னார், தொண்டை கட்டும்வரை சொன்னார். வெயில் தாழ்ந்தபோது அவள் வாய் ஒருவழியாகத் திறந்தது. போட்ட எண் போட்டபடி திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து வாலாஜாபாத் அரிசி மில் கிருஷ்ணவேணி உள்ளே வந்தார். வரப்போகும் மருமகளுக்கு முகூர்த்தப் புடவை வேண்டும். பேரத்தில் ஆனந்தராஜுக்கே வியர்க்க வைப்பவர். மாம்பழ மஞ்சள் புடவை ஒன்றை உதறிப் பார்த்தார். அதன் அடக்கவிலையே இருபத்திரண்டாயிரத்து நானூறு. ஆனந்தராஜ் முப்பதாயிரம் என்றார்.

"பதினெட்டாயிரம்ணா," என்றார் கிருஷ்ணவேணி. சும்மா பிள்ளையார் சுழி. அதை அவரே நம்பவில்லை.

"பதினெட்டாயிரம், விக்டர் டேங்கோ," என்றாள் தேவிப்ரியா கணீரென்று.

கிருஷ்ணவேணியே பயந்துபோனார். "யாருமா அது டேங்கோ? உங்கப்பாவுக்குப் பார்ட்னரா?"

"ஐயோ, இல்லக்கா... நான் வந்து..."

கொழந்த வெளையாட்டுக்குச் சொல்லிச்சுமா. இந்த மூன்று வார்த்தை போதும், புடவை தப்பிவிடும். சொல்ல வாயெடுத்த ஆனந்தராஜ் மகளைப் பார்த்தார். அவள் உதடு அதற்குள் பூட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. இப்போது மூடினால், நாளைக் காலையில் அதைத் திறக்க எந்தக் கோபுரத்தாலும் ஆகாது.

"சொன்னது சொன்னதுதாம்மா. கட்டிக் குடு," என்றார்.

"அப்டியே ஒரு கட்டப்பை," என்றார் கிருஷ்ணவேணி. மலைப்பிலும் கை தவறாதவர்.

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. "பாஸ்பா!"

"எத்தினி அடின்னாரு?"

"ரெண்டாயிரத்து ஐநூறு."

"நீ இன்னா சொன்ன?"

"ரெண்டாயிரத்து ஐநூறு."

"மொத வார்த்தையிலயேவா?" சந்தோஷத்தில் கண் கலங்கியது. இனி இவளைக் கடைப் பாயில் உட்கார வைக்கக் கூடாது என்றும் முடிவு செய்தார்.

அடுத்த வாரம் வாலாஜாபாத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து, "உங்க பொண்ணு இல்லீங்களாண்ணா?" என்று கடை முழுக்கத் தேடினார்கள்.

"அவ இனிமே டவர்கிட்ட மட்டும்தாம்மா பேசுவா," என்று தானே உட்கார்ந்து, ஆளுக்கொரு புடவை விற்றார். லாபம் நாலாயிரத்து இருநூறு. மஞ்சள் புடவையில் போனது நாலாயிரத்து நானூறு. ஆக, விமானி தேவிப்ரியா கடைக்குத் தர வேண்டியது இருநூறு ரூபாயும் ஒரு கட்டைப்பையும்.