நாற்பத்து மூன்றாம் இடம்

எங்கள் வீட்டில் ஒரு பொருள் பிடித்துவிட்டால் அதைப் புகழ மாட்டார்கள். அப்பாவுக்குக் காந்தி ரோட்டில் பட்டுக்கடை. நெசவாளர் சேலையை விரித்ததும், பிடித்திருந்தால் முகத்தைச் சுளித்து, "ஜரிகை மங்கலா இருக்குதேப்பா" என்பார். பிடிக்காததை, "ஜோரா இருக்குது" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்த வித்தையோடு வளர்ந்த நான் கடைக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனேன். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். கிருஷ்ணவேணி மேடம் என்றால் தெரியும்.

பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேடிப் பிடித்து விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ப்பது என் வேலையில் பாதி. இப்போது அதற்கு ரேங்க் வந்துவிட்டது. சென்னையில் யாரோ நாலு பேர் பள்ளி ஆட்டங்களைப் பார்த்து, மாநிலத்தின் முதல் ஐம்பது பெண்கள் இவர்கள்தான் என்று செல்போனில் போடுகிறார்கள். எனக்கு அதன்மேல் கோபமில்லை. முதல் பத்து பேரைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள். இந்த வருஷம் ஆறாம் இடத்திலிருந்த பிள்ளையார்பாளையத்து ஏலவார்குழலியை நானும் ரேங்க்கைப் பார்த்துத்தான் ஓடிப்போய்ச் சேர்த்தேன். கூடைக்கு அடியில் அவள் கையைத் தூக்கினால் எதிரணிக்கு வானம் தெரியாது. பத்துக்குக் கீழேதான் சங்கதி மாறும். இருபதுக்கும் நாற்பதுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், போட்டவர்களே தலையைச் சொறிவார்கள். ரேங்க் என்பது சேலையில் தொங்கும் விலைச்சீட்டு. பேரத்தை எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லும். எங்கே முடிப்பது என்று சொல்லாது.

என்னிடம் ஒரே ஒரு இடம் மீதி இருந்தது. குழலி கையில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருத்தி வேண்டும். பந்தைச் சரியாகக் கொடுக்க ஒருத்தி இல்லாமல்தான் போன வருஷம் இறுதி ஆட்டத்தில் தோற்றோம். இந்த வருஷமும் கோப்பை வராவிட்டால் அணிக்குக் கொடுக்கும் இலவச விடுதியை நிறுத்திவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது.

மாவட்டத் தேர்வு ஆட்டத்தில்தான் துர்காதேவியைப் பார்த்தேன். முசரவாக்கத்து விவசாயி வேலாயுதத்தின் மகள். ரேங்க் நாற்பத்து மூன்று. அவள் போட்ட புள்ளிகள் சொற்பம். ஆனால் அவள் களத்தில் இருந்தவரை கூட ஆடியவர்கள் எல்லாரும் திறமைசாலிகளாகத் தெரிந்தார்கள். அவளை வெளியே உட்கார வைத்ததும் பழையபடி ஆகிவிட்டார்கள். ரேங்க் போடுகிறவர்கள் கூடையில் விழுந்ததை எண்ணுவார்கள். விழ வைத்தது யார் என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

பக்கத்து நாற்காலியில் மாணிக்கவாசகம் சார். சென்னைக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர், பல வருஷமாக என் போட்டியாளர்.

"இந்த நாப்பத்திமூணு எப்டி மேடம்?"

வாய் தானாகத் திறந்தது. "அதுவா? அந்த ரேங்க்கே ஜாஸ்தி சார். கால்ல வேகமில்ல, கூடையப் பாக்கவே பயப்படுது. இன்னும் பத்து எடம் கீழ போட்டிருக்கணும்."

"அப்போ அந்தப் பன்னெண்டாம் ரேங்க்கு?"

"ஐயோ, தங்கம் சார். உட்றாதீங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு எங்கள் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து சேலை எடுத்தவர் அவர். அப்பா நெசவாளர்களிடம் பேசியதையெல்லாம் டீ குடித்துக்கொண்டே பார்த்தவர். இன்னொன்றையும் கவனிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்க துர்கா எங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். சேலைக்குக் காது கிடையாது. நான் அந்தப் பழக்கத்திலேயே பேசிவிட்டேன்.

மறுநாள் காலை போன் செய்தபோது வேலாயுதம் எடுத்தார். "மெட்ராஸ்லேர்ந்து ஒரு சார் நேத்தே வந்து பேசிட்டுப் போய்ட்டாருமா. ஃபீஸும் வேணாம், ஆஸ்டலுக்கும் துட்டு வேணாம்னாரு. நாளைக்குப் போயி சேக்கறோம்."

ஸ்கூட்டரை முசரவாக்கத்துக்கு விட்டேன். வேலாயுதம் களத்தில் காயப்போட்ட நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். துர்கா பந்தோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் பந்து கொஞ்சம் பலமாகத் தரையில் அடித்தது.

"இன்னா மேடம், வழி தவறி வந்துட்டீங்களா? பன்னெண்டாம் நம்பர் வூடு இங்க இல்லியே."

"உன்னத்தான் பாக்க வந்தேன்."

"எனக்குத்தான் கால்ல வேகமில்லியே. இன்னும் பத்து எடம் எறங்கிட்டு அப்புறமா வரேன்."

வேலாயுதம் கிளறுவதை நிறுத்தினார். "அப்டியாமா சொன்னீங்க?"

"சொன்னேண்ணா. எது வேணுமோ அதக் கொற சொல்லித்தான் எங்க வூட்ல பேசுவாங்க. அந்த சாரு கண்ணு இவமேல படக்கூடாதுன்னு சொன்னது."

"அவரும் அதான் சொன்னாரு," என்றாள் துர்கா. "'அந்தம்மா கொற சொன்னா சரக்கு நல்லாருக்குதுன்னு அர்த்தம், அதான் ஓடியாந்தேன்'னாரு. உங்களாலதான் மேடம் எனக்கு சீட்டே கெடச்சிது."

"அப்போ எனக்குக் கமிஷனாவது குடு."

வேலாயுதம் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"நான் சரக்கு இல்ல மேடம். பேரம் பேசாம சொல்லுங்க. நான் எப்டி ஆடறேன்?"

பேரமில்லாமல் பேசி எனக்குப் பழக்கமே இல்லை. மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னேன். "மத்தவங்க பந்து எங்க இருக்குதுன்னு பாக்கறாங்க. நீ எங்க போவப்போவுதுன்னு பாக்கற. இந்தக் கண்ணு சொல்லிக் குடுத்து வராது. ஆனா உன் எடது கை சுத்தமா வேலைக்காவல. நேத்து நீ தொலச்ச பந்தெல்லாம் அந்தப் பக்கம்தான் போச்சு. அத நான் சரி பண்ணுவேன். நீ ஒழைக்கலன்னா பெஞ்சுதான்."

அவள் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்த சாரு எல்லாமே சூப்பர்னாரு."

"எங்கப்பா பட்டுக்கடையில அந்த சாரு பாதிதான் கத்துக்கினாரு, பாவம். அங்க புடிக்காததத்தான் ஜோருன்னுவாங்க."

"உங்ககிட்ட ஆறாம் நம்பர் இருக்குது. நான் நாப்பத்திமூணு. எனக்கு யார் பந்து குடுப்பாங்க?"

"ரேங்க் காலேஜ் வாசப்படி வரைக்கும்தான். உள்ள வந்தா ஆறும் ஒண்ணுதான், நாப்பத்திமூணும் ஒண்ணுதான். ஃபீஸும் ஆஸ்டலும் எங்ககிட்டயும் இலவசம்தான். ஆனா மொதல் அஞ்சு பேர்ல நீ இருப்பன்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். ஆடி எடுத்துக்கோ."

"அவரு சத்தியம் பண்ணாரு."

"பண்ணியிருப்பாரு."

அதற்குமேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. கடையில் கஷ்டமான கட்டம் இதுதான். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வேலாயுதம் மகளைப் பார்த்தார். மகள் இடது கையால் பந்தைத் தட்டிப் பார்த்தாள். அது நழுவி நெல்லுக்குள் ஓடியது. போய் எடுத்துக்கொண்டு, ஒட்டிய தூசியைத் துடைத்தபடியே கேட்டாள்.

"அந்த ஆறாம் நம்பர் எப்ப காலேஜுக்கு வருது?"

"திங்கக்கெழம."

"நான் ஞாயித்துக்கெழமையே வந்துடறேன். அது வர்றதுக்குள்ள இந்தக் கைக்கு ஏதாவது சொல்லிக் குடுங்க."

வேலாயுதம் தலையைச் சொறிந்தார். "அந்த மெட்ராஸ் சாருக்கு யாருமா சொல்றது? எனக்கு வெக்கமா இருக்குது. நீங்களே ஒரு போன் போட்டுடுங்க."

"அந்தக் கவல உங்களுக்கு வேணாண்ணா," என்று ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அந்தப் போனைச் செய்ய எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் வண்டியை ஓரங்கட்டிச் செய்தேவிட்டேன்.