நடுத்தெருவில் எடுத்த அளவு

எங்கள் மண்டல அலுவலகத்தின் வெள்ளத் திட்டத்துக்கு வரைபடம் போட்டது நான்தான். இனிப் பெருமழை அடிக்கடி வரும் என்று கணித்திருந்தார்கள். தண்ணீர் புகும் என்று சிவப்பில் குறித்த தெருவுக்குப் பம்பும் முன்னெச்சரிக்கையும் உண்டு. புகாது என்று பச்சையில் குறித்த தெருவுக்கு ஒன்றும் கிடையாது. அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். சுருக்கென்று கேட்டாள்.

"எங்க தெரு பச்சையா? போன மழைக்கு அடுப்படியில முழங்கால் அளவு தண்ணி நின்னுது. நீ என்னத்தடி அளந்தே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷமாக அளக்கிறவளுக்கே பாடமா? சண்டை போடத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் இடறியது. தெருவிலிருந்து வீட்டுக்குள் மூன்று படி இறங்க வேண்டியிருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு வீட்டைவிட உயர்ந்துவிட்டது. நானோ கருவியை வசதியாக நடுத்தெருவில் நிறுத்தி அளந்திருந்தேன். என் கணக்குப்படி நனையாமல் தப்பியது தார் மட்டும்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் திட்டத்தில் கையெழுத்துப் போட அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார்.

"சார், நான் தப்பா அளந்துட்டேன்."

"எத்தனை தெரு?"

"எல்லாமே. தெருவுல இல்ல, வாசப்படியில அளந்திருக்கணும்."

அவர் பேனாவை மூடினார்.

"மழைக்கு எத்தனை நாள் இருக்கு?"

"அஞ்சு வாரம் சார்."

"அப்புறம் இங்க நின்னுட்டு என்ன பண்றீங்க?"

நானும் கூட வேலை பார்ப்பவர்களும் வாசல் வாசலாக அலைந்தோம். ஒரு வீட்டுக்காரர், "வீட்டை இடிக்கப் போறீங்களா, வாங்கப் போறீங்களா?" என்று மடக்கினார். கால் கெஞ்சியது. ஆனாலும் மனசுக்கு நிறைவாக இருந்தது. அறுபத்திரண்டு தெருக்கள் சிவப்பாயின, அக்கா தெருவும் சேர்த்து.

முதல் பெருமழைக்கு முந்திய மாலையே எச்சரிக்கை போனது, தெருமுனைகளில் பம்பு இறங்கியது. காலையில் அக்காவுக்கு நாலு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

கதவை உடைக்காத குறையாகத் தட்டியபின் தலை கலைந்து வந்து திறந்தாள். அவள் பின்னால் தரை காய்ந்து கிடந்தது.

"ஏன்டி இப்படித் தட்டுற? எத்தனையோ வருஷத்துக்கப்புறம் மழை நாள்ல இன்னைக்குத்தான் கண்ணசந்தேன். அதையும் கெடுத்துட்டியே."

திட்டிக்கொண்டே கட்டிலுக்குத் திரும்பிப் போனாள். நான் சத்தம் போடாமல் கதவைச் சாத்தினேன்.